தோலை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்

சருமம் நன்றாக இருக்க இயற்கையாக என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறு, தக்காளிக் கூழ், தயிரில் குழைத்த கடலைமாவு, காபித்தூளும் சர்க்கரையும், கற்றாழை, முல்தானி மட்டி. சமையலறையில் பாதி முகத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எதைப் பூசலாம்? அந்தக் கேள்வியிலேயே நாம் வழி தவறிவிடுகிறோம் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல நினைக்கிறேன். தோல் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் உறுப்பு. அதன் மேற்பரப்பைச் சிதைக்காமல் இருக்க வேண்டும், அதன்மேல் படும் வெயிலை மட்டுப்படுத்த வேண்டும், அதற்கு வேண்டிய மூலப்பொருளைச் சாப்பாட்டில் தர வேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காக நடந்தால் பெரும்பாலானவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படாது. இவை நடக்காதபோது எதைப் பூசினாலும் பலன் நிற்காது. கேட்பதற்குச் சப்பென்று இருக்கலாம். ஆனால் ஆதாரங்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

முதலில் அந்த மேற்பரப்பு. நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் வெளியடுக்கு முகத்திலும் கையிலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். செத்த செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கியிருக்க, அவற்றின் இடுக்குகளை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற மூன்றும் கலந்த பசை நிரப்பியிருக்கிறது. செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் என்று தோல் மருத்துவர்களே இதை விளக்குவார்கள். உடம்பிலுள்ள நீர் வெளியே போகாமலும், கிருமியும் ரசாயனமும் உள்ளே நுழையாமலும் தடுத்து நிற்பது இந்தச் சுவர்தான். அடியிலிருந்து புதுச் செல்கள் மேலேறி வர, பழையவை கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்ந்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேல்தோல் புதிதாகிவிடுகிறது. வயது கூடக் கூட இது மெதுவாகும். இறந்த செல்களை நீக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஸ்க்ரப் எதை நீக்குகிறது என்று இங்கே யோசித்துப் பாருங்கள். அந்த இறந்த செல்கள்தான் சுவர். உதிர வேண்டியதை உதிர்க்கத் தோலுக்கே நொதிகள் உண்டு. அந்த நொதிகளும், சாந்துக் கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகளும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் மேற்பரப்பு சற்றே அமிலமாக இருக்க வேண்டும். ஆரோக்கியமான தோலின் பி.எச். அளவு 5க்கு அருகில் இருக்கும். தோல்மேல் வாழ்ந்து நமக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கும் அந்த அமிலத்தன்மைதான் தோது.

நாம் குளிக்கும் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் செய்யும் பொருள் வேறு எப்படியும் இருக்க முடியாது. மூலிகைச் சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, வீட்டிலேயே காய்ச்சிய சோப்பு எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். உறையில் டி.எப்.எம். 76 சதவீதம் என்று போட்டிருந்தால் முதல் தரம் என்கிறோம். அந்த எண் சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லும். காரத்தன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒருமுறை சோப்பு தேய்த்த பின் தோல் தன் அமில நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகிறது. அதற்குள் அடுத்த குளியல், அதற்குள் மூன்று முறை முகக்கழுவல் என்றால் அது திரும்பவே வாய்ப்பில்லை. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை இதைக் கூட்டுகிறது. கடின நீரில் சோப்பு முழுதாக அலசப்படாமல் தோலில் தங்கிவிடும். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். சாந்து கரைந்து போனதன் அடையாளம் அது.

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு வேளை குளிக்காமல் எப்படி என்று கேட்பீர்கள். தாராளமாகக் குளிக்கலாம். வியர்வையும் தூசியும் பெரும்பாலும் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். சோப்பு தேவைப்படுவது அக்குள், தொடையிடுக்கு, பாதம், எண்ணெயோ கரியோ பட்ட இடம். கையிலும் காலிலும் முதுகிலும் தினம் இருமுறை சோப்பு தேய்க்க ஒரு காரணமும் இல்லை. இந்த இடத்தில் நம்முடைய பாசிப்பயறு மாவுப் பழக்கத்துக்கு நான் முழு ஆதரவு. அது எண்ணெயையும் அழுக்கையும் ஓரளவு எடுக்கும், சோப்பைப் போலக் காரமானதல்ல. நைசாக அரைத்துச் சலித்திருக்க வேண்டும், தேய்க்காமல் பூசிக் கழுவ வேண்டும், அவ்வளவே. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும் சாந்தைக் கரைக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

தேய்ப்பதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகத் தீங்கு நடப்பது இதில்தான். பீர்க்கங்கூடு, தேங்காய் நார், நைலான் வலை, நுரைக்கல் என்று எதை எடுத்தாலும் உராய்வு உராய்வுதான். மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் உராய்வுக்குத் தரும் பதில் மேலும் கறுப்பது. நைலான் நாரால் வருடக்கணக்கில் முதுகைத் தேய்ப்பவர்களுக்கு அலையலையாகக் கருமை படிவதைத் தோல் மருத்துவர்கள் நீண்டகாலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னும் துயரமானது கழுத்துக் கருமை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணின் பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருக்கும். சரியாகக் குளிக்கவில்லை என்று திட்டி, தோல் சிவக்கும்வரை தேய்த்துவிடுவார்கள். அந்தக் கருமை அழுக்கே கிடையாது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது, ரத்தத்தில் இன்சுலின் அளவு உயர்ந்து, அது தோல் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்வதால் வருவதுதான் பெரும்பாலும். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும்கூட வரும். பின்னாளில் நீரிழிவு வரலாம் என்பதற்கான முன்னறிவிப்பு அது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நடை, விளையாட்டு, குறைந்த சர்க்கரை, ஒரு ரத்தப் பரிசோதனை. எடையும் இன்சுலினும் கட்டுக்குள் வரும்போது கழுத்தும் மெல்லத் தெளியும். தேய்க்கத் தேய்க்க அது கறுப்பதோடு, செய்யாத குற்றத்துக்கு அவமானப்பட்ட நினைவும் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுகிறது.

இனி பூச்சுகள். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2க்குச் சற்று மேல். அமிலம் தோலுக்கு நல்லது என்று மேலே சொன்னீர்களே என்றால், 5க்கும் 2க்கும் இடையில் உள்ளது ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதோடு எலுமிச்சை இனப் பழங்களில், முக்கியமாகத் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்பளித்து, பின்பு மாதக்கணக்கில் மறையாத கரும்பட்டைகளாக நிற்கும். கருமையைப் போக்கப் பூசியது கருமையாக முடிகிறது. சமையல் சோடா எதிர்ப்பக்கக் குற்றவாளி, அது காரம். பருவின்மேல் பற்பசை வைப்பதும் புண்ணாக்கும் வேலைதான். இவை எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் சமாதானம் ஒன்று: இயற்கைதானே, என்ன செய்துவிடும்? சேராங்கொட்டையின் பாலும் இயற்கைதான். பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்று கிராமத்தில் யாரும் அதைக் கையால் தொட மாட்டார்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். இயற்கையோடு நெருங்கி வாழ்ந்தவர்கள் அதை நம்பியதைவிட அதிகமாக அறிந்து வைத்திருந்தார்கள்.

பாட்டிமார்கள் மஞ்சளும் எண்ணெயும் பூசித்தானே அத்தனை நல்ல தோலோடு இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அவர்கள் செய்தவற்றைப் பகுத்துப் பார்த்தால், இன்றைய அறிவியல் ஒப்புக்கொள்ளும் பலவும் அதில் இருக்கின்றன. தோலுக்கு எண்ணெய் வைத்தார்கள். சோப்பை அளவாகப் பயன்படுத்தினார்கள். வெயிலில் தலையை மூடினார்கள். வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள், நாள் முழுக்க நடந்தார்கள். இத்தனையும் செய்த தோலின் பெருமையை மஞ்சளுக்கு மட்டும் கொடுப்பது எந்தக் கணக்கு? மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருக்கிறது, மறுக்கவில்லை. சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகி அரிப்பைத் தருவதும் உண்டு. ஒத்துக்கொள்பவர்கள் பூசட்டும். அதைப் பூசாவிட்டால் தோல் கெட்டுவிடும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

எண்ணெய் விஷயத்தில் நமக்கு நல்ல ஆய்வுகள் கிடைத்திருக்கின்றன. 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டபோது இரண்டும் சமமாகவே பலன் தந்தன. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசிச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. எண்ணெய் பூசாத குழந்தைகளைவிட இவர்களுக்கு மருத்துவமனைக் கிருமித்தொற்று 41 சதவீதம் குறைவாக வந்தது. சுவரைப் பலப்படுத்தினால் உயிரையே காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே நேரம் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனப்படுத்துகிறது என்று 2013இல் பிரிட்டனில் கண்டார்கள். விலை அதிகம் என்பதால் உயர்ந்தது என்று பச்சைக் குழந்தைக்கு அதைப் பூச வேண்டியதில்லை. குளித்துத் துவட்டிய உடனே, ஈரம் முழுதாக உலர்வதற்குள், கைகால்களில் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவுவது வறண்ட தோலுக்கு எளிய, மலிவான பாதுகாப்பு. பரு வரும் முகத்துக்கு மட்டும் வேண்டாம், அது துளைகளை அடைக்கும். பொடுகும் தேமலும் உள்ள இடத்திலும் வேண்டாம், அவற்றுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது.

இதுவரை சொன்னதைவிடப் பெரிய விஷயம் வெயில். முகச் சுருக்கம், கரும்புள்ளி, மங்கு, தோல் தடித்துப் போவது என்று வயதின் கணக்கில் நாம் எழுதும் பலவும் வெயிலின் கணக்கில் எழுத வேண்டியவை. 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த 69 வயது லாரி ஓட்டுநரின் படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள் ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்க, வலது கன்னம் பல வயது இளையவருடையது போல இருந்தது. ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை, நடுவில் வெயில் மட்டும் வேறு. கண்ணாடி ஜன்னலும் அவரைக் காக்கவில்லை, ஏனென்றால் புற ஊதாக் கதிர்களில் ஆழமாக ஊடுருவும் வகை கண்ணாடியைக் கடந்து வரும். ஒரு தனிமனிதரின் படம் ஆதாரமாகாது என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரத்து ஆய்வு இருக்கிறது. 55 வயதுக்குட்பட்ட 903 பேர், நாலரை ஆண்டுகள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக முதுமையடைந்திருந்தது. அதே ஆய்வில் சிலருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் முதுமை தள்ளிப்போனதாகத் தெரியவில்லை. சன்ஸ்கிரீன் செய்த வேலையை மாத்திரை செய்யவில்லை.

அது வெள்ளைக்காரர்களின் தோல், நமக்கு எதற்கு என்பது இங்கே எழும் மறுப்பு. பாதி சரி. நம் தோலிலுள்ள மெலனின் தோல் புற்றையும் வெந்துபோவதையும் பெருமளவு தடுக்கிறது. ஆனால் அதே மெலனின்தான் வெயில் பட்டதும் திட்டுத் திட்டாகப் படிந்து மங்காக நிற்கிறது. பரு ஆறிய தழும்பைக் கறுப்பாக்குகிறது. தமிழ்நாட்டுக் கோடையில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் கடைசிப் படி. இதற்கு விலை உயர்ந்த சன்ஸ்கிரீனைத் தேடிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை, தலையையும் கன்னத்தையும் மூடிய துண்டு. தோல் பாதுகாப்பில் தமிழ்நாட்டில் நான் மதிக்கும் மிகச் சிறந்த பழக்கம் இதுதான். நெருக்கமாக நெய்த துணி எந்தச் சன்ஸ்கிரீனுக்கும் சளைத்ததல்ல. வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒவ்வாமை தராது. நகரத்தில் படித்தவர்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுகிறோம், குறிப்பாக ஆண்கள். பத்து மணியிலிருந்து மூன்றரை மணிவரை வெளியே போக நேர்ந்தால் குடை, முழுக்கை. மங்கு உள்ளவர்களுக்கு மட்டும் கூடுதலாக, நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்குண்டு. வெயிலை இப்படி ஒதுக்கினால் வைட்டமின் டி என்ன ஆவது என்றால், முகம் உடல் பரப்பில் இருபதில் ஒரு பங்குதான். முகத்தை மூடிவிட்டு முன்கையிலும் காலிலும் கொஞ்ச நேரம் வெயில் படவிடலாமே.

இப்போது சாப்பாடு. உணவு தோலில் தெரியுமா என்ற கேள்விக்கு விடை சென்ற நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது, அதில் நம் பகுதிக்கும் பங்குண்டு. 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி கொழுப்பே இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்தபோது அவற்றின் தோல் செதில் செதிலாக உரிந்தது. லினோலிக் அமிலம் என்ற கொழுப்பை உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வர வேண்டும் என்று அப்போது தெரிந்தது. 1933இல் கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், முழங்கையிலும் முட்டியிலும் தோல் தேரையின் முதுகு போல முள்முள்ளாகத் தடிக்கும் நோயை விவரித்தார். சில ஆண்டுகளில் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தினர் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதே தோலைப் பார்த்தார்கள். முதலில் வைட்டமின் ஏ குறைவு என்று நினைத்தார்கள். அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களுக்கும் பி வகை வைட்டமின்களுக்கும் அதில் பங்கு இருப்பது பின்னர் தெரிந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத்தில் ஆராய்ந்தது பெலக்ரா என்ற நோயை. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு, வெயில் படும் கழுத்திலும் கையிலும் தோல் கறுத்து வெடித்தது. நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வருவது; சோளத்திலுள்ள அதிகப்படியான லியூசின் இதற்கு வழி செய்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இத்தனை பேருடைய தோலையும் கெடுத்தது வறுமைச் சாப்பாடு, சரிசெய்ததும் சாப்பாடுதான். எந்த லேபனத்தாலும் அது முடிந்திருக்காது.

ஆனால் இந்த வரலாற்றிலிருந்து தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. குறை இருந்தால் நிரப்பினால் பலன் கண்கூடாகத் தெரியும். குறையே இல்லாதவர் அதற்குமேல் விழுங்குவதால் தோல் கூடுதலாக மின்னுவதில்லை. நம்பூர் மாத்திரை அதைத்தான் காட்டியது. தோலிலுள்ள புரதமான கொலாஜனைத் தூளாக வாங்கிச் சாப்பிடுபவர்களும் இதை யோசிக்க வேண்டும். வயிற்றுக்குள் போகும் கொலாஜன் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் சிதைகிறது, அப்படியே கன்னத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்தக் காசில் முட்டையும் பருப்பும் மீனும் வாங்கினால் அதே அமினோ அமிலங்கள் கிடைக்கும். கொலாஜனைப் பின்னி உறுதியாக்கும் வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். கொய்யாவில் அது ஆரஞ்சைவிட மூன்று நான்கு மடங்கு, நெல்லிக்காயில் இன்னும் அதிகம். லினோலிக் அமிலத்துக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் உண்டு. பூசுவதற்கு அருமையான தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு என்பதால் சமையலுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி. மத்தி மீன் கிடைக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஒமேகா 3 கொழுப்பு அதில் தாராளம். எலுமிச்சையை முகத்திலிருந்து எடுத்துச் சாதத்தில் பிழிந்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்கும். இதைச் சும்மா சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. முகம் வெளிறி, களையிழந்து, முடி கொட்டி நிற்கும் பெண்ணுக்கு அழகு நிலையத்தில் நூறு வழி சொல்வார்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்பவர்கள் குறைவு.

பரு விஷயத்தில் உணவின் பங்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைச் சோதித்தபோது ஒருவருக்கும் முகப்பரு இல்லை. கிழங்கும் மீனும் தேங்காயும் பழமும் அவர்கள் சாப்பாடு. மெல்பர்னில் பரு உள்ள 43 இளைஞர்களைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்த ஆய்வு 2007இல் வந்தது. ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 23க்கும் அதிகமான பருக்கள் குறைந்தன, மற்றவர்களுக்கு 12. இன்சுலின் ஏறினால் எண்ணெய்ச் சுரப்பும் ஏறுகிறது என்பதால் இது பொருந்தி வருகிறது. அந்த இளைஞர்கள் எடையும் குறைந்தார்கள், பலன் எதனால் என்று பிரிக்க முடியாது என்பது உண்மை. நம் தட்டுக்கு இதைக் கொண்டுவந்தால், சென்னையில் அளந்த பொன்னி, சோனா மசூரி, சுர்த்தி கோலம் அரிசி வகைகளின் கிளைசெமிக் குறியீடு, அதாவது ரத்தச் சர்க்கரையை ஏற்றும் அளவு, 70க்கும் 77க்கும் இடையில் இருந்தது. அது உயர்ந்த வகை. சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவது, மைதா பலகாரத்தையும் இனிப்பு பானத்தையும் ஒதுக்குவது பருக்காரர்கள் முயன்று பார்க்க வேண்டியவை. ஆனால் பிரிட்டனில் இரட்டையரிடம் செய்த ஆய்வில் பரு வருவதில் ஐந்தில் நான்கு பங்கு பரம்பரை என்று தெரிந்தது. ஆகவே பருவோடு இருக்கும் பிள்ளையைப் பார்த்து வாயைக் கட்டத் தெரியவில்லை என்று பேசுவது கொடுமை. உணவு உதவும், உணவு மட்டும் போதாதபோது மருந்து இருக்கிறது.

தண்ணீர் குடித்தால் முகம் பொலியும் என்பது பாதி உண்மை. தாகம் தீரக் குடிக்காதவர் குடித்தால் நல்லது. ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும். தோலின் மேலடுக்கில் ஈரம் நிற்பது பெரிதும் அந்தச் சாந்தைப் பொறுத்தது. தூக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று உண்டு. 2010இல் ஸ்டாக்ஹோமில் 23 பேரை, நன்றாகத் தூங்கிய பின் ஒருமுறையும் 31 மணி நேரம் விழித்த பின் ஒருமுறையும் படமெடுத்து, விவரம் தெரியாத 65 பேரிடம் காட்டினார்கள். விழித்திருந்த முகங்கள் ஆரோக்கியம் குறைந்தவையாகவும் களைத்தவையாகவும் அவர்களுக்குத் தெரிந்தன. புகைபிடிப்பவர்களுக்குச் சுருக்கம் சீக்கிரம் வரும் என்பதில் விவாதமே இல்லை.

இப்படிப் பழக்கங்களை மாற்றி, நான்கு வாரம், எட்டு வாரம் என்று காத்திருக்க முடியாது, திருமணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்பவர்கள்தான் அடுத்த ஆபத்தில் மாட்டுகிறார்கள். பத்தே நாளில் வெளுக்க வைக்கும் களிம்புக்குள் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு, அல்லது பாதரசம். ஸ்டீராய்டு முதலில் பளிச்சென்று காட்டும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய, பருவும் எரிச்சலும் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். படர்தாமரைக்கு இதே களிம்பைப் போட்டு, பூஞ்சையை உடம்பெல்லாம் பரவவிட்டவர்கள் ஏராளம். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதித்தது. ஆனாலும் மருந்துக்கடையில் பெயர் சொன்னால் எடுத்துத் தரும் பழக்கம் ஓயவில்லை. பாதரசம் இன்னும் ஆழமாகப் போகும்: கேரளத்தின் மலப்புறம் பகுதியில் 2021 முதல் 2023 வரை சிறுநீரகப் பாதிப்போடு வந்த பலரை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் வெண்மைக் களிம்பு பூசியவர்கள் என்று தெரியவந்தது. உறையில் மூலிகை என்று அச்சடித்திருப்பது உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது. தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத எதையும் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். கறுப்பு நிறம் நோயாக இருந்தால்தானே அதற்கு மருந்து தேவைப்படும்?

பழக்கமும் உணவும் எட்டாத இடங்கள் உண்டு, அவற்றைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வலியுள்ள பரு, வெள்ளிச் செதில் உரியும் தடிப்பு, வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராக இரவில் அரிப்பது, ஆறாத புண், நிறமோ அளவோ மாறும் மச்சம் எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை; கற்றாழை வைத்துப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். முக்கியமாக, உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு ஒன்று இருந்து, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றாலோ குறைவாக இருந்தாலோ அது தொழுநோயாக இருக்கலாம். தேமல் என்று நினைத்து விட்டுவிட்டால் நரம்பு போய், கைகால் ஊனமாகும். ஆரம்பத்தில் பிடித்தால் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டு முழுதாகக் குணமாகலாம். அந்த மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு திட்டு இருந்தால் இந்த வாரமே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.